அக்காவின் ‘பத்து’த் தட்டை

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில், இதே வீட்டில்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் எனக்கு எல்லாமாக நின்றவர் அவர். உணவு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், “இவனுக்கு யார் சாதம் போடறது?” என்று என்னைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

அந்தச் சாதமே எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அக்கா ஆடிப்போனார். சர்க்கரை வியாதி. எனக்கோ சாயங்காலக் காப்பியோடு தட்டை இல்லாமல் முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஊருக்காகச் செய்த வேலையை அக்கா எனக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாதத்தை வடித்து, குளிரவைத்து, உலர்த்தி அரைத்த மாவில் சர்க்கரை மெள்ளத்தான் ஏறும் என்பார். கடலைமாவும் வெந்தயமும் சேர்த்து, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுடுவார். முதலில் வந்ததெல்லாம் ஓட்டாஞ்சில்லுதான். தின்றேன், வேறு வழி? தின்று இரண்டு மணி நேரமானதும் விரலில் குத்தி மெஷினில் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பதை அக்கா மலையாளத்தில்தான் கேட்பார்.

“எத்ரடா?”

எண் கூடியிருந்தால் மறுநாள் வேறு பக்குவம்.

ஒரு ஸ்ரீஜயந்தியன்று, தட்டை பதமாக வந்த சந்தோஷத்தில் அதைச் சுவாமி முன் கொண்டு வைத்துவிட்டார். அடுத்த வீட்டு மாமி பதறினார்.

“சாதம் வடிச்ச மாவுன்னா பத்துன்னா! சீடையோட வைக்கப்படாது, கேட்டியா?”

சோறு பட்டதெல்லாம் பத்து. எங்கள் தெருவில் அதைத் தொட்ட கையால் நெய்ப் பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டோம். அத்தனை படித்த அக்கா அதை மறந்தே போயிருந்தார். தட்டோடு எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பகவானுக்குச் சுகர் இல்லை மாமி. அவர் சீடையே சாப்பிடட்டும். இது இவனுக்கு.”

கடைசியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், முகத்து மாஸ்க்கை விலக்கி “எத்ரடா?” என்றுதான் கேட்டார். எண்ணைச் சொன்னேன். திருப்தியாகத் தலையசைத்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், உடன் வேலை செய்தவர்களுக்கும், பத்து என்று தெரிந்தும், அக்கா போய் ஒரு வருஷமாகிற இந்த வருஷாப்திக்கு என்னோடு உட்கார்ந்து மாவு பிசைந்த மாமிக்கும் என் நமஸ்காரம். இந்த நினைவு மலரோடு உங்கள் கைக்கு வரும் பொட்டலத்தில் இருப்பது அந்தத் தட்டைதான்.

நானும் தின்கிறேன், குத்திப் பார்க்கிறேன். எண் நன்றாகத்தான் இருக்கிறது. தனியாக இருப்பதுதான் இன்னும் பழகவில்லை. சாயங்காலம் நினைவு வந்தால் ஒரு போன் போடுங்கள். சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டாம். “எத்ர?” என்று கேட்டால் போதும்.