முனியாண்டியின் இடது கால்

எனக்குப் பந்தாட்டம் தெரியாது. இத்தனை ஆம்பிளைகள் ஒரு பந்தைத் துரத்துவதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் கொர்னேலியஸ் அண்ணன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். மலாயா மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து டீம் ஏன் தோற்றது என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் விருப்பமில்லாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் கேட்க ஆள் இல்லை. மனைவி மேவிஸ் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் சுவரோடு பேசினார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

அவருக்கு ஃபேக்டரியில் வேலை. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். அந்த இரைச்சலில் யாரோடும் பேச முடியாது. பூசை முடிந்து ஞாயிறு மத்தியானம் திடலுக்குப் போனால்தான் வாய் திறக்கும். திறந்தால் மூடாது.

"மனுசனுக்குக் கத்துறதுக்கு ஒரு எடம் வேணும்லா கத்தரீனு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளைப் பனியனைத் தேயிலைச் சாயத்தில் முக்கி உடுத்திக்கொண்டு ஆடிய டீம் அது. கோச்சு, ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்த டொனால்ட். ஆள் தங்கமானவர். ஆனால் டீம் பிடிப்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. தோட்டத்தில் ஐந்து கங்காணிகள். ஒவ்வொரு கங்காணியின் ஆட்களிலிருந்தும் இரண்டு பேர். மிச்சம் ஒருவர் ஆபீசிலிருந்து, அதாவது கோல்கீப்பர் சிரில். சின்ன கிராணி சிரிலுக்குப் பந்து தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் கண் தெரியும். இந்தக் கணக்கில் எந்தக் கங்காணியும் முகம் சுளித்ததில்லை. டீமும் ஜெயித்ததில்லை.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பந்து கிழிந்ததும் உள்ளே கந்தல் அடைத்துத் தைத்து உதைத்தார்கள். ஆட்டமும் நிற்கவில்லை, தோல்வியும் நிற்கவில்லை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வயிறு காய்ந்தவன், தோற்கிற டீமைப் பார்க்க எதற்கு மேடு ஏறி வரவேண்டும்? கடைசியில் கோட்டுக்கு வெளியே நின்றது கொர்னேலியஸ் அண்ணன் ஒருவர்தான். திடலில் மூடுபனி இறங்கி ஆட்டக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாதபோதும் அவர் குரல் மட்டும் லயம்வரை கேட்கும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. முனியாண்டி ஆட வேண்டும். முனியாண்டி மாடசாமி கங்காணியின் ஆள். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. லயத்து வாசலில் இடது காலால் பந்தைத் தட்டிக்கொண்டு திரிவான். ஒரு மேட்சுகூட ஆடாதவன். அதனாலேயே கொர்னேலியஸ் அண்ணனை ஒருமுறைகூட ஏமாற்றாதவன் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு ஞாயிறு பக்கத்து ஊர் திரிங்காப்புக்காரர்களிடம் அரை டஜன் கோல் வாங்கிக்கொண்டு வந்த அன்று, லயத்துக் குழாயடியிலேயே கிராணியை மடக்கினார்.

"கிராணி ஐயா, கோல் போடத் தெரிஞ்சவன வெளிய ஒக்கார வச்சிட்டு, கங்காணி மருமவன ஓட வுடுறீங்க. அந்தத் தங்கராஜு பந்தக் கண்டா ஒதுங்குறான்."

"மாடசாமி ஆளுங்க ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காங்க. மூணாவது ஆளப் போட்டா மத்தவன் கேப்பான். மருமவன எடுத்தா மாடசாமி கேப்பான். காலையில பெரட்டுல ஆளக் கூப்பிட்டு வேல பிரிக்கிறப்ப செங்குத்து மலையா பாத்து நம்ம பசங்களுக்குத்தான் குடுப்பானுங்க. ஒனக்கென்ன, கத்திட்டுப் போயிருவ."

"அப்ப அஞ்சு கங்காணியவும் எறக்கி ஆட வுடுங்க. முனியாண்டி எறங்குற வரைக்கும் நா திடல் பக்கமே வரமாட்டேன்."

சொன்னபடியே செய்தார். அந்த ஞாயிறுகளை மறக்க முடியவில்லை. திடலிலிருந்து விசில் சத்தம் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்திருப்பது கேட்கும். கதவு வரை நடந்து, திரும்பி வந்து உட்காருவது கேட்கும். அவர் கத்தியபோது வந்த எரிச்சலைவிட இது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் கிராணியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார்.

"நீ இல்லாம திடல் சவக்காலையாட்டம் இருக்குலா கொர்னேலியஸ். பசங்களுக்குக் கால் எழும்ப மாட்டேங்குது. தானா ராத்தா டவுனுல பெரிய மேட்ச்சாம். ஜப்பான் அதிகாரி பாக்க வர்றாரு. ஜெயிக்கிற டீமுக்கு ஒரு மூட்ட அரிசி. லோரிகூட அனுப்புறாங்க. முனியாண்டியப் போட்டுட்டேன்."

"யார எடுத்தீங்க?"

"தங்கராஜுவ. மாடசாமி மொறைக்கிறான். மொறைக்கட்டும்."

அன்று கொர்னேலியஸ் அண்ணன் பாடினார். அந்த மனிதருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

லோரி வந்த காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரும் ஏறப் போனார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் தடுத்தான். "ஆடுறவங்களும் கோச்சும் மட்டும்தானாம், கோவிச்சுக்காத" என்றார் லோரியில் ஏறிவிட்ட கிராணி. முனியாண்டி லோரியின் பின்பக்கத்தில் நின்றான். சாயத்தில் முக்கிய புதுப் பனியன் இன்னும் ஈரம் காயவில்லை. அவன் பெண்டாட்டி வேலாயி அவித்த கிழங்கை இலையில் கட்டிக் கொடுத்தாள். "நீங்க நடந்து வந்துருங்கண்ணே. ஒங்க சத்தம் கேட்டாத்தான் கோலு" என்று கத்திக்கொண்டே போனான்.

கொர்னேலியஸ் அண்ணன் நடந்தே போனார். இருட்டிய பிறகு நனைந்துபோய்த் திரும்பினார். வேலாயி குழாயடியில் காத்திருந்தாள்.

"ஆட்டம் பாத்தீங்களாண்ணே?"

"நா போறதுக்குள்ள முடிஞ்சிருச்சும்மா. லோரி பின்னால வரும்."

லோரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பையன்களை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சில வாரம் கழித்துக் காய்கறி லோரிக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார், சுவர் வழியாக.

"அங்க திடலே இல்ல கத்தரீனு. பூராவும் பாத்தி கட்டி சக்கரவள்ளி போட்டிருக்கான். கோல் கம்பத்துல அவரைக்கொடி ஏத்தி வுட்டிருக்கான். காய் காச்சித் தொங்குது. எத்தன மாசமா அங்க பந்தே உருளலயோ. நாந்தான அந்தப் பயல ஏத்தி வுட்டேன்."

"வேலாயிகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? ஆடுனான்னாவது நெனச்சிக்கிட்டிருக்கட்டும்."

அதன்பின் இரண்டு வருசத்துக்கு மேல் அவர் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். ஒவ்வொரு காலையும் பெரட்டில் தங்கராஜு அவருக்கு முன்னால் நிற்பான். டீமில் இருந்து எடுக்கப்பட்டதால் உயிரோடு நிற்கிறவன். இவர் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். ஃபேக்டரி மூடிவிட்டது. அவரும் எங்களோடு கிழங்குக்கு மண் வெட்டினார். ஞாயிறு மத்தியானம் மட்டும் தவறாமல் திடலுக்குப் போனார். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்த திடலில், பழைய இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கத்தவில்லை. பனி இறங்கியதும் வந்துவிடுவார். பக்கத்தில் போய் நிற்கலாமா என்று பலமுறை நினைத்தேன். போகவில்லை. போயிருக்கலாம்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு ஒரு நாள், கிராணி டொனால்ட் கம்பு ஊன்றிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கால் முழுக்கப் புண். உடம்பில் எலும்புதான் இருந்தது. லயமே கூடிவிட்டது. அவர் நின்றபடியே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். சிரில் காய்ச்சலில் போனான். முனியாண்டி வாந்திபேதியில், கடைசி மழைக்கு முன்னால். இன்னும் மூன்று பேர் மட்டும் உயிரோடு பின்னால் வருகிறார்கள்.

பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வேலாயி அழவில்லை.

"அன்னிக்கு ஆடுனாராய்யா?" என்று கேட்டாள். "ஒரு தடவையாவது எறங்கி ஆடுனாரா?"

கிராணி அவளைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் கொர்னேலியஸ் அண்ணன் நின்றிருந்தார். அவர் அன்று நடந்தே தானா ராத்தா போனதும், அங்கே பார்த்ததும் கிராணிக்குத் தெரியாது.

"ஆடுனாம்மா. ரெண்டு கோல் போட்டான். நாமதான் ஜெயிச்சோம்" என்றார்.

கிராணி சொன்ன எந்த வார்த்தையையும் கொர்னேலியஸ் அண்ணன் மறுத்துப் பேசாமல் விட்டதில்லை. எல்லாரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். வேலாயியும் பார்த்தாள்.

"ஆட்டம் நடந்துச்சுன்னு நீங்க அப்பவே சொன்னீங்கள்லண்ணே."

"சொன்னேம்மா." கிராணி பக்கம் திரும்பிக் கேட்டார்: "ரெண்டும் எடது காலுதான கிராணி ஐயா?"

கிராணி கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். அண்ணனுக்கும் உண்மை தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"எடது காலுதான், கொர்னேலியஸ்" என்றார்.

அன்று சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொர்னேலியஸ் அண்ணன் அழுவதைக் கேட்டேன். டீமைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.