பரீட்சைக்கு வந்த கை

எதிர்வீட்டுப் பெண் பிசியோதெரபிஸ்ட். நேற்று சாயங்காலம் செல்போனை என் முன்னால் நீட்டினாள். மூட்டுவாதத்தில் மேற்படிப்பாம், வீட்டிலிருந்தே படிக்கலாமாம், பரீட்சைகூட கம்ப்யூட்டரிலாம், சேரட்டுமா என்று கேட்டாள். தாராளமாகச் சேர் தாயி என்றேன். அவள் போன பிறகும் அவள் கையிலிருந்த தைல வாசனை மட்டும் கூடத்தைவிட்டுப் போகவில்லை. என்னை எண்பதுகளின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சேலத்தில் நான் மேற்படிப்புப் படித்த ஆஸ்பத்திரியின் மூட்டுவாதப் பிரிவில் எப்போதும் இந்த வாசனைதான். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள், மேட்டூர் கம்பெனி ஆட்கள், தறிக்காரர்கள் என்று வரிசை வாசலைத் தாண்டும். அத்தனை முட்டியிலும் தைலம். எனக்கோ தைலம் பட்டால் தும்மல் நிற்காது. படிக்க வேறு படிப்பா கிடைக்கவில்லை என்று அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

அந்த வரிசையில் பாவாயி அக்காவுக்குத் தனி மரியாதை. மல்லசமுத்திரம் பக்கம் கடலைக்காட்டுக்காரர். இரண்டு கையிலும் விரல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போலவே. வருஷா வருஷம் செய்முறைப் பரீட்சைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். காபியும் பன்னும் கொடுப்பார்கள். அவருக்கு அதெல்லாம் பெரிதில்லை. தன் கையைப் பார்த்துப் பாஸான டாக்டர்களைப் பெயர் பெயராகச் சொல்லுவார், பெற்ற பிள்ளைகளைச் சொல்வது மாதிரி.

பரீட்சையன்று காலையில் மட்டும் மாத்திரை போடாமல் வரச் சொல்வது அங்கே வழக்கம். போட்டால் வீக்கம் வற்றிவிடும், பரீட்சகருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்தவர் வலியில்தான் நாங்கள் மார்க் வாங்கினோம். அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

என் முறை வந்தது. சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் பாவாயி அக்கா. கூடப் படித்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். மணி அடிக்கும்வரை நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கட்டிய திரையைவிட்டு வெளியே வரக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. மீறினால் அந்த இடத்திலேயே பரீட்சை முடிந்தது. வெளியூர்ப் பரீட்சகர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

உள்ளே போய் அக்காவின் கையைத் தொட்டேன். ஜில்லென்று வேர்த்திருந்தது. முகம் வெளுத்திருந்தது, பேச்சுக் குழறியது. ரத்த அழுத்தம் பார்த்தால் பாதரசம் இறங்கிக்கொண்டே போகிறது. மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன்.

"போன வாரமே நிறுத்திப்போட்டனுங்க சாமி. வீக்கம் நல்லாத் தெரியோணுமில்லீங்களா? நீங்க பாஸாவோணும்."

அது ஸ்டீராய்டு மாத்திரை. வருஷக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் உயிரே போய்விடும். திரையைப் பிடித்த என் கை ஒரு நொடி நின்றது. நிற்கவில்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் ஓடினேன். யாரைக் கேட்டு வெளியே வந்தாய் என்று பரீட்சகர் அதட்டினார். சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன். ஸ்டீராய்டு ஊசி இருக்கிற அலமாரிக்குச் சாவி கிடைக்கவில்லை. சாவி வந்தது, நரம்பு கிடைக்கவில்லை. அந்த வளைந்த கையைத் திருப்பித் திருப்பிக் குத்திப் பார்த்தேன். ஒருவழியாக ஊசி ஏறியதும் நிமிர்ந்தால், சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அதே பரீட்சகர். மணி அடித்தது. யாரும் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் நாடி என் விரலில் ஒழுங்காகத் தட்டியது.

கண்ணைத் திறந்த பாவாயி அக்கா முதலில் கேட்டது இதுதான்: "கெடுத்துப்போட்டனுங்களா சாமி?"

இல்லீங்க்கா என்றேன்.

கெட்டுத்தான் போயிருந்தது. பாட்டிலைப் பிடித்த அந்த மனுஷனே எனக்கு மார்க் போடவில்லை. விதி விதியாம். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடுத்த வாரம் அக்கா வரிசையில் நின்று, பாஸாயிட்டீங்களா என்று கேட்டார். ஃபெயில் என்று சொன்னால் அந்த மனசு எதையெல்லாம் நிறுத்துமோ? பாஸ் என்றேன். ஆறு மாசம் கழித்து, அவருக்குத் தெரியாமல் மறுபடி எழுதி, வேறு யாருடைய முட்டியையோ காட்டித் தேறினேன்.

பிற்பாடு நான் திருச்செங்கோட்டில் கிளினிக் வைத்தபோது, அக்கா ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். "இந்த டாக்டரம்மா என்ற கையிலதானுங்க பாஸாச்சு" என்று உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். நான் தலையைக் குனிந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, ஆமாங்க என்பேன்.

அப்படிச் சாய்ந்த கைகள் இப்போது அதிகம் வருவதில்லை. புது மருந்துகள் வந்து, விரல் சாய்வதற்கு முன்பே பிடித்துவிடுகிறோம். ஒழிந்ததே என்று சந்தோஷப்படுகிறேன். பாவாயி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பரீட்சையில் நான் பாஸானேன் என்று உலகத்தில் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.