காலும் மட்டை, முகமும் மட்டை

செரண்டா ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புதுக் குளிர்பெட்டி வந்து இறங்கியது. மகள் பெட்டியைப் பார்த்தாள். நான் அது வந்த அட்டையைப் பார்த்தேன். நகத்தால் தட்டி, ஓரத்தை மடக்கி, மோந்தும் பார்த்தேன். ஈரம் ஏறாத நல்ல தடித்த அட்டை. குண்டு பட்டால் ஓட்டை வட்டமாக விழும், கிழியாது. "மா, அது குப்பைமா!" என்றாள் மகள். அவளுக்கு என்ன தெரியும், ஒரு காலத்தில் நான் அட்டை பொறுக்கித்தான் சம்பளம் வாங்கினேன்.

புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். பள்ளி முடித்ததும் அங்கேதான் முதல் வேலை. இலக்குகளுக்குப் பொருள் வாங்கி, ஒட்டி, நட்டுவைப்பது என் பொறுப்பு. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. நான் பிறந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்து ஆட்களிடம் மட்டும் தினமும் சுடுவதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

கிளப் செயலாளர் யாழ்ப்பாணக் குடும்பத்தவர். நான் சேர்ந்த வாரமே முதல் போட்டி. முந்தின நாள், "இலக்குக்கு நல்ல மொத்தமான மட்டையாப் பாத்துக் கொண்டுவாரும் பிள்ளை" என்றார். நானும் லோரி பிடித்து, பிறந்த தோட்டத்துக்கே போய், செம்பனை மட்டைகளாகப் பார்த்து எடுத்து, முள் சீவி, குவியலாகக் கொண்டுவந்து இறக்கினேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, நான் கேட்டது காட்போட் மட்டை!"

"மட்டைன்னா இதுதானே சார்? எங்க தோட்டத்துல வேற மட்டை இல்லலா."

அவர்கள் வீட்டில் அட்டைக்கு மட்டை என்று பேராம். வேலை போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மலாய்க்காரப் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். இலக்கைத் தாங்கும் இரும்புக் கால்களைக் கண்டதும் முகம் மாறியது. குண்டு இரும்பில் பட்டால் சிதறல் சுட்டவர் மேலேயே திரும்பும். மாற்றாவிட்டால் போட்டி கிடையாது என்றார். மரக்கடைகள் மூடியாகிவிட்டது. செயலாளர் முகம் சுண்டிப்போனது.

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "சார், இந்த மட்டையவே காலா நட்டுப் பாப்போமா?"

அதிகாரி ஒன்றை நடச் சொல்லித் தானே சுட்டார். குண்டு நாருக்குள் புகுந்து பின்னாலிருந்த மண்மேட்டில் அடங்கியது. எதுவும் திரும்பித் தெறிக்கவில்லை. "போலே லா" என்று சம்மதித்தார்.

பிறகு, இரவிலும் திறந்திருந்த கோல சிலாங்கூர் மின்சாதனக் கடைகளில் ஏறி இறங்கி, நமுத்ததை ஒதுக்கி, மொரமொரப்பான அட்டைப்பெட்டிகளாக வாங்கிவந்தேன். மறுநாள் கடல்காற்று அடித்த அடியில் தொப்பிகள் பறந்தன; என் இலக்கு ஒன்றுகூடச் சாயவில்லை. கோப்பை வாங்கியவரைவிட எனக்குத்தான் பெருமை. இன்றைக்கும் அது குறையவில்லை. "காலும் மட்டை, முகமும் மட்டை" என்று, குண்டு துளைத்த அட்டையைத் தட்டிச் சிரித்தார் செயலாளர். "நாளைக்கும் வாரும் பிள்ளை."

இப்போது அங்கே மாடி வீடுகள். சுடுகிறவர்கள் நகரத்தில் திரையைப் பார்த்துச் சுடுகிறார்கள். செயலாளரும் போய்விட்டார், அட்டையை மட்டை என்று சொல்ல எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை. அதனால் நானே சொல்கிறேன். குளிர்பெட்டி அட்டையை வாசலுக்கு இழுத்துப் போன மகளிடம், "அந்த மட்டையத் தூக்கிப் போடாதே" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் தேடினாள்.

"எந்த மட்டைமா?"