விக்கினம் கேட்டு உடைத்த தேங்காய்

கோபத்தில் கேட்டதையும் பிள்ளையார் பிரார்த்தனை என்றே எடுத்துக்கொள்வாரா? இரண்டு வருஷமாக இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். பதில் வரவில்லை. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகையில் தங்கள் அனுபவங்களை எழுதுகிற சகோதரிகள் எல்லோரும் பணிவோடு அழுது வேண்டிக்கொண்டவர்கள். நான் அப்படி வேண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். என் குழந்தை வள்ளி பிழைத்தாள், இப்போது அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். அந்த நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது முழுக்க நல்ல செய்தி அல்ல.

எங்கள் பூர்விகம் நாஞ்சில் நாடு. என் மாமனாருக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். என் கணவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், அவரும் சிநேகிதர்கள் ஐந்து பேரும் சைக்கிளில் பொன்முடிக்குப் போய்வருவதென்று முடிவு செய்தார்கள். ஐந்து நாள் பயணம். நெடுமங்காடு, வித்துரா வழியாகப் போய் மலை ஏறி, காட்டில் கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது. இதற்கு அவர்கள் ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். வழியில் யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது. யாருடைய உதவியும் இல்லாமல் போய்வரவேண்டும். யாருக்கு என்ன வந்தாலும் மற்றவர்கள் பாதியில் திரும்பக் கூடாது.

யாருடைய உதவியும் இல்லாமல். அந்த வாரம் முழுக்க அவர் இதையே சொல்லிக்கொண்டு கூடத்தில் கயிறு கட்டிப் பழகினார். சுமையைச் சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். அந்நேரம் நான் அடுக்களையில் அவல் வறுத்தேன், சிறுபயறு வறுத்துத் திரித்தேன், சுக்குக்காப்பிப் பொடி இடித்தேன், ஐந்து நாளைக்குக் கெடாத புளிக்காய்ச்சல் கிண்டினேன். அது தெறித்து என் மணிக்கட்டில் இரண்டு கொப்புளம். ஆறு வீட்டிலும் ஆறு பெண்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். இது உதவிக் கணக்கில் சேராது போலிருக்கிறது.

வள்ளிக்கு அப்போது பதினோரு மாதம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே இருமல் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"நெஞ்சு கரகரங்குது. ரெண்டு நாள் கழிச்சுப் போகக் கூடாதா?" என்றேன்.

குனிந்து ஒரு நொடி காதை வைத்துப் பார்த்தார். "பல்லு வருகு. அதுக்க சளியாக்கும். ஆறு பேரு லீவு எடுத்தாச்சு பிள்ளே. கூடாரத் துணி எனக்க கையிலயாக்கும் இருக்கு. நான் போகல்லேன்னா மத்தவன் எல்லாம் பனியில கெடக்கவா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேசுகிற வழக்கம் இல்லை. பேசியிருக்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. பேசியிருந்தால் போகாமல் இருந்திருப்பாரா? தெரியாது.

மறுநாள் விடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் ஆறு சைக்கிள்களும் கூடின. இந்த ஊரில் எந்தக் காரியம் தொடங்கினாலும் அங்கே ஒரு தேங்காய் உடைக்காமல் தொடங்கமாட்டார்கள். கூட்டத்துக்குத் தலைவர் தாணு அண்ணன் எல்லாரிலும் மூத்தவர். வீட்டுக்கு ஒரு தேங்காய் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவ்வளவு சுமை ஏற்றிய சைக்கிள் ஸ்டாண்டில் நிற்காது. கையை எடுத்தால் சாய்ந்துவிடும். என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடியே, "கை ஒழியல்லை, நீயே ஒடச்சிரு" என்று தேங்காயை என்னிடம் நீட்டினார்.

இடுப்பில் குழந்தை. அவளுடைய மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. வலது கையில் தேங்காய். விக்கினம் இல்லாமல் போய்வர வேண்டும் என்று சொல்லி எறிவதுதான் முறை. விக்கினத்தை நீக்குகிறவரும் அவர், வைக்கிறவரும் அவர் என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். நான் என் மனதுக்குள் சொன்னது இது: "இவரை வழியில் நிறுத்து. மலை ஏற விடாதே. எப்படி நிறுத்துவாயோ எனக்குக் கவலையில்லை."

எப்படி நிறுத்துவாயோ எனக்குக் கவலையில்லை. இந்த வார்த்தைகளை நான் சொன்னேன். பிறகு எறிந்தேன். தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது.

"பாத்தியாடே? மதினிக்க கை ராசியான கையாக்கும். இனி ஒரு கொறையும் வராது," என்றார் தாணு அண்ணன்.

எனக்கு அடுத்தபடி கோலப்பன் வீட்டுத் தேங்காய். கோலப்பன் என் கணவரோடு வேலை பார்ப்பவர், மராமத்து இலாகாவுக்குப் பிளான் வரைகிறவர். அவர் மனைவி பகவதி எனக்கு நெருங்கிய சிநேகிதி. அவரும் சைக்கிளை விட முடியாததால் அவள்தான் எறிந்தாள். தேங்காய் உடையாமல் உருண்டு ஓடையோரம் போய் நின்றது.

"ஒனக்க தேங்காய்க்குப் பொன்முடி ஏற பயமாக்கும், கோலப்பா," என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பகவதி சிரிக்கவில்லை. எடுத்து வந்து மறுபடி எறிந்தாள். அப்போது உடைந்தது. அவர்கள் மணி அடித்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே வள்ளிக்குக் காய்ச்சல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. எனக்குப் படிப்பு உண்டு. குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. இப்படிக் குழி விழுந்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

மாமா கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "வைத்தியரை வரச் சொல்லுகேன். ஆஸ்பத்திரியெல்லாம் அவன் வரட்டும்மா," என்றார்.

"அவுக வர இன்னும் மூணு நாள் ஆகும் மாமா."

"அப்பன் இல்லாத நேரத்துல பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? நாளைக்கு அவன் எனக்க மொகத்தைப் பாத்துல்லா கேப்பான்."

மாமாவின் கடைசி மகன் ஆஸ்பத்திரியில் இறந்தவன். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. அது எனக்குத் தெரியும், அதனால் அவர்மேல் முழுதாகக் கோபப்பட என்னால் முடியவில்லை. வைத்தியர் வந்தார், நாக்கில் தடவ ஏதோ கொடுத்தார், போனார். நான் தடவினேன்.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து குதிரை வண்டியில் அரை மணி நேரம்கூட இல்லை. எனக்கு இரண்டு கால் இருந்தது. இடுப்பு இருந்தது. வாசல் திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. ஊரில் எல்லார்மேலும் எனக்கு அன்று கோபம், ஆனால் இன்றைக்கும் ஆறாமல் இருப்பது என்மேல் உள்ள இந்தக் கோபம்தான். படித்த பெண் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன், மூடி வைத்தேன்.

தகவல் சொல்லவும் வழியில்லை. தபால்காரனுக்கே தெரியாத காட்டுக்கு யார் பேரில் தந்தி அடிப்பது?

திங்கட்கிழமை காலையில் வள்ளியின் உதடு நிறம் மாறியது. நான் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன். விளக்கு ஏற்றவில்லை. கை கூப்பவில்லை. "நிறுத்தச் சொன்னேனே, நிறுத்தினாயா? ஒரு தேங்காயை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறாயா?" என்று கேட்டேன். தெய்வத்திடம் இப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.

அன்று மத்தியானம் என் கணவர் வந்துவிட்டார்.

முழங்கால் சிராய்த்து, சட்டை கிழிந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "ரிம் போச்சு."

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், வித்துராவைத் தாண்டி ஓர் இறக்கத்தில் அவருடைய சுமை சரிந்து கயிறு பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு வாரமாகக் கூடத்தில் கட்டிப் பழகின அதே கயிறு. சக்கரத்தின் ரிம் நெளிந்து, சைக்கிள் ஒரே இடத்தில் நின்று, அவர் குப்புற விழுந்தார். ஒட்டிப் பின்னால் வந்த கோலப்பன் அவர்மேல் மோதி, பள்ளத்தில் போய் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். மற்ற நால்வரும் சட்டத்தை விடவில்லை. என் கணவர் சைக்கிளிலிருந்து கூடாரத் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். அவர் போகாவிட்டால் பனியில் கிடப்பார்கள் என்றாரே, துணி போனால் போதுமாக இருந்திருக்கிறது.

கோலப்பனுக்கு வித்துராவில் தப்பை வைத்துக் கட்டி, மறுநாள் காலை மாட்டு வண்டியில் நெடுமங்காடு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, அவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார். நான் குழந்தையை அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். கிழிந்த சட்டையோடேயே வண்டி கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வள்ளியின் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னலெ எந்தே கொண்டுவந்நில்லா?" என்று கேட்டார். நேற்றே ஏன் கொண்டுவரவில்லை என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இரண்டு பக்கமும் நுரையீரலில் நிமோனியா, இன்று சாயங்காலம் வரை தாங்கியிருக்காது என்றார். பத்து நாள் அங்கே கிடந்தோம். ஏழாம் நாள் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள் கண்ணைத் திறந்து என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுத வரவில்லை.

புதன்கிழமைதான் அவர்கள் திரும்புவதாக இருந்தது. திங்கட்கிழமை வரவழைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் நெடுமங்காட்டில் பஸ்ஸில் ஏறியாயிற்று. நான் ஏசுவதற்கு ஒரு நாள் முன்பே பிள்ளையார் நிறுத்திவிட்டார். மரியாதை இல்லாமல் கேட்டவளுக்கும் கொடுத்தார். அதற்கு என் ஆயுள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

என் வாழ்க்கையும் மாறியது. போன மழைக்காலத்தில் வள்ளிக்கு மறுபடி காய்ச்சல் வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போகிற வழியில் கடை வாசலில் நின்று, "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொன்னேன். மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வண்டி பிடிக்கேன் நில்லு" என்று கூடவே வந்தார். அன்றைக்கே இவ்வளவுதானா செய்யவேண்டியிருந்தது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

என் கணவர் இந்தக் கதையை இப்போது வேறு மாதிரி சொல்கிறார். வித்துரா தாண்டும்போதே மனதுக்குள் என்னவோ செய்ததாம், வீட்டு நினைப்பாகவே இருந்ததாம். கேட்பவர்கள் தகப்பன் மனசு என்கிறார்கள். வந்ததும் ரிம் போச்சு என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருப்பது அது ஒன்று மட்டும் அல்ல.

கோலப்பனின் கை சேர்ந்தது, ஆனால் முழங்கை முழுதாக நீளவில்லை. பேனாவைப் பிடித்து நீளமாகக் கோடு இழுக்க முடியாது. பிளான் வரைகிற வேலை போய், பழைய கடிதக் கட்டுகளை அடுக்குகிற அறையில் போட்டுவிட்டார்கள். அவர் முன்போல் பேசுவதும் இல்லை. பகவதி மட்டும் அடிக்கடி வருவாள். வள்ளிக்கு ஏதாவது கொண்டுவருவாள். ஒரு நாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தக் குட்டிக்காகத்தான் அவுகளுக்க கை போச்சுன்னு நெனைச்சா எனக்கு வருத்தம் இல்ல பிள்ளே. ஆனா எனக்க தேங்காயில்லா அன்னைக்கு உருண்டுச்சு. என்னமோ நான் செஞ்ச தப்பாக்கும். பிள்ளையாருக்கு எனக்க மேல என்ன கோவமோ."

வெள்ளிக்கிழமைதோறும் அவள் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்கிறாள். இரண்டு வருஷமாக. சில வெள்ளிக்கிழமைகளில் துணைக்கு என்னையும் கூப்பிடுகிறாள். நானும் போகிறேன். அவள் எறிகிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். எப்படி நிறுத்துவாயோ எனக்குக் கவலையில்லை என்று சொன்னவள் நான். அவளுடைய தேங்காய் அல்ல, என்னுடையது.

சகோதரிகளே, கஷ்டத்தில் இருக்கிறவர்கள் துணிந்து கேளுங்கள். அழுதுகொண்டு கேட்டாலும், ஆத்திரத்தில் கேட்டாலும் அவர் காது கொடுக்கிறார். அதற்கு நான் அத்தாட்சி. ஆனால் கேட்கும்போது கடைசி வார்த்தை வரைக்கும் யோசித்துக் கேளுங்கள்.

எனக்கும் ஒரு உபகாரம் செய்யுங்கள். பகவதியிடம் நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால் அவளுடைய பாரம் இறங்கும், ஆனால் வள்ளியை மறுபடி மடியில் எடுப்பாளா என்று தெரியாது. சொல்லாவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமையும் அவள் தேங்காய் வாங்குவாள். நான் இந்தக் கடிதத்தில் எல்லார் பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறேன், ஆனாலும் அவள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள். அவள் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது எழுதுங்கள்.