ஏவிந்தூரின் முன் அச்சு

ஏவிந்தூர் குடித்துவிட்டு ஜீப்பைச் சாம்பலாற்றில் இறக்கினான், மலைக்குப் போன பதினெட்டுப் பேரின் சாப்பாடும் கடலுக்குப் போய்விட்டது என்று முதலில் கூட்டுறவுக் கடையில் கேள்விப்பட்டேன். பெட்ரோல் பங்குக்கு வருவதற்குள் விஷயம் வளர்ந்திருந்தது. மிதந்து போன புகையிட்ட ஆட்டுத் தொடையை ஒரு கடல்நாய் கவ்விக்கொண்டு போனதாம். சாயங்காலம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தபோது கடல்நாய்கள் இரண்டாகியிருந்தன. ஒன்று குட்டியோடு வந்திருந்தது.

ஏவிந்தூர் குடிப்பதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன் பேர் கெட வேண்டுமானால் மனைவியை விட்டு ஓட வேண்டியதில்லை, வரி ஏய்க்க வேண்டியதில்லை. ஆற்றில் வண்டி நின்றால் போதும். அதிலும் ஏவிந்தூர் ஓட்டியது சும்மா வண்டி இல்லை. கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த ஆடுகளை இறக்க, செப்டம்பரில் குதிரைகளோடு ஆட்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கு முன்னால் குடிசைக்குக் குடிசை சாப்பாடு, காய்ந்த காலுறை, குதிரைத் தீவனம் எல்லாம் கொண்டுபோய் இறக்கும் வண்டி அது. மற்ற மாதங்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஏவிந்தூர், இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு வாரத்துக்காகவே உயிரோடு இருப்பவன் மாதிரி இருந்தான். அடுத்த வருடமும் அந்த இருக்கை அவனுக்கு உண்டா என்பதை நவம்பர் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்குள் கடல்நாயை விசாரித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அவன் கொட்டகையில் ஜீப் முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. முப்பத்துமூன்று வயது வண்டி. வாங்கியபோது இருந்ததில் இன்று மிச்சம் கூரையும் ஹாரனும்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஹாரனும் மாற்றியதுதான் என்று ஏவிந்தூர் திருத்துவான். சக்கரங்கள் இடுப்பு உயரம். அவற்றுக்கு இடம் விட மட்கார்டுகளை ரம்பத்தால் அறுத்து அகலப்படுத்தியிருந்தான். இன்ஜின் காற்று இழுக்கும் குழாய் கூரை வரை ஏறியிருந்தது. பனியில் போகும்போது டயர் காற்றை இறக்கி, மாடு படுத்த மாதிரி ஆக்கிக்கொண்டு மிதந்து போவான். இதெல்லாம் இங்கே எல்லாரும் செய்வதுதான். ஏவிந்தூர் மட்டும் செய்தது, ஒவ்வொரு போல்ட்டையும் வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, ‘சௌக்கியமா?’ என்று கேட்டு மாட்டுவது.

“கடல்நாய் எப்படி இருக்கு?” என்றேன்.

“குட்டி போட்டுடுச்சாமே,” என்றான், வண்டிக்கு அடியிலிருந்து. “காபி ஃபிளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்க.”

அவன் வெளியே உருண்டு வந்து, துணியில் சுற்றிய ஒரு பேரிங்கை என் மடியில் வைத்தான். முன் அச்சின் நடுவில் குடம் மாதிரி தொங்குமே, மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள், அதற்குள்ளிருந்து எடுத்தது. ஆற்று நடுவில் இதுதான் இறுகிப்போய் முன்சக்கரங்களைப் பூட்டியிருந்தது. உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி துரு.

“என்னைக்குக் கழட்டின?”

“ஆத்துலேருந்து வெளிய இழுத்த மறுநாளு.”

“ஒரு நாள்ல இவ்வளவு துருவா?”

அவன் இன்னொன்றைக் காட்டினான். கிரவுனிலிருந்து மேலே இன்ஜின் அறை வரை ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். ஓடிச் சூடான அச்சு பனியாற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கினால் எதையாவது இழுக்கும். குழாய் உயரத்தில் இருந்தால் காற்றை இழுக்கும், இல்லாவிட்டால் ஆற்றை. குழாய் அடியில் அறுந்திருந்தது. அறுந்த முனையில் பழைய, காய்ந்த சேறு.

“எண்ணெய் எப்படி இருந்துச்சு?”

“தண்ணி கலந்து கொக்கோ சூப் மாதிரி. மேல பிஸ்கட் போட்டுக் குடிக்கலாம்.”

“நீ வருஷா வருஷம் மலைக்கு முன்னாடி எண்ணெய் மாத்துவியே?”

“மாத்தியாச்சுன்னு சொன்னாங்க,” என்றான். யார் சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஜீப்பை அவன் ஒரே ஒரு ஆளுக்குத்தான், ஒரே ஒரு முறைதான் கொடுத்திருக்கிறான். ஜூலை கடைசியில், தங்கை தாக்னியின் கணவன் டோர்ஃபிக்கு.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. இரவல் வாங்கிய ஜீப்பை ஆற்றில் இறக்கினால், கழுவி, டீசல் நிரப்பி, அச்சு எண்ணெயையும் மாற்றித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘மாத்திட்டேன்’ என்று சொன்ன பிறகு போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் தட்டைத் திருப்பி அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமம். கூடப் பிறந்தவளின் வீட்டுக்காரனிடம் அப்படிச் செய்தால் கிறிஸ்துமஸுக்கு வேறு ஊரில்தான் சாப்பாடு.

டோர்ஃபி வீட்டு வாசலில் அவனுடைய புது வண்டி நின்றது. பயணிகளை மலைக்கு அழைத்துப் போகக் கோடை முடிவில் வாங்கியது. ஒன்பது இருக்கை, ஒவ்வொன்றுக்கும் அடியில் சூடு, பின்னால் காபி இயந்திரம். ஆற்றிலிருந்து ஏவிந்தூரை இழுத்ததே இதுதான். இழுத்தபோது எடுத்த படம் கூட்டுறவுக் கடைப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. முன்னால் பளபளவென்று புது வண்டி, கயிற்றின் மறுமுனையில் மூக்கு முட்டத் தண்ணீரோடு ஏவிந்தூர். கீழே டோர்ஃபியின் தொலைபேசி எண்.

“வாய்யா எழுத்தாளரே!” என்றான் டோர்ஃபி. “மச்சானப் பத்தி எழுதப் போறியா? பாத்து எழுது, பாவம். வயசாயிடுச்சு, வண்டிக்கும் அவனுக்கும்.”

“உனக்கும் அவனுக்கும் ஒரே வயசுதானேய்யா?”

“என் வண்டிக்கு ரெண்டு மாசம்தானே!”

தாக்னி காபியும், முறுக்கிப் பொரித்த க்ளைனாவும் வைத்தாள். பின்னல் ஊசியோடு எதிரே உட்கார்ந்தாள். நான் நேராகவே கேட்டேன்: “ஜூலைல ஜீப்ப வாங்கிட்டுப் போனியே, எண்ணெய் மாத்திக் குடுத்தியா?”

“மாத்தாமயா? நம்ம ஊரு ஆளுதானே நானு.”

“எந்த எண்ணெய மாத்தின?” என்றாள் தாக்னி, பின்னலிலிருந்து கண் எடுக்காமல். “நான் வாங்கிட்டு வந்த டப்பா மூடி கூடத் தொறக்காம கராஜ்லயே கிடக்கே.”

“நீ சித்த சும்மா இருக்கியா?”

“சும்மாதான் இருக்கேன். டப்பாவும் சும்மாதான் இருக்கு.”

டோர்ஃபி ஒரு க்ளைனாவை எடுத்து, கடிக்காமல் திரும்ப வைத்தான். முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கோபம் வர வசதியாக இருந்திருக்கும்.

“மழை பேய் மாதிரி பெய்யுது. வண்டியில நாலு ஜெர்மன்காரங்க. அவங்களுக்கு விமானம் பிடிக்கணும். அடியில ஏதோ கல்லுல உரசினது கேட்டுச்சு. அப்புறம் பாக்கலாம்னு விட்டேன். திருப்பிக் குடுக்கும்போது மாத்திட்டேன்னு வாயில வந்துடுச்சு. அவன் எப்படியும் ஒரு தடவ தொறந்து பாப்பான்னு நெனச்சேன்யா. அவனப் பத்தித் தெரியாதா? தும்மினாக்கூட போல்ட்டக் கழட்டிப் பாக்குறவன்.”

“ஆத்துல நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க.”

இதை நான் மறுநாள் கொட்டகையில் ஒப்பித்தேன். ஏவிந்தூர் குழாயின் புது முனையைக் கவ்வியால் இறுக்கிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றை முடித்துவிட்டுக் கேட்டான்.

“தொறந்து பாப்பேன்னு நெனச்சானா?”

“அப்படித்தான் சொன்னான்.”

“வேற எவன் திருப்பிக் குடுத்திருந்தாலும் தொறந்து பாத்திருப்பேன்,” என்றான்.

சங்கதியை ஹெர்தீஸிடம் கொண்டுபோனேன். மலைக்குப் போகும் கூட்டத்தின் தலைவரை இங்கே மலைராஜா என்பார்கள். இப்போது ஹெர்தீஸ் அந்தப் பதவியில் இருப்பதால் மலைராணி. ஆட்டுக்கு மருந்து ஊற்றியபடியே கேட்டார்.

“இதுல என்ன புதுசு? குழா அறுந்தது, எண்ணெய் மாத்தாதது, எல்லாம் எங்களுக்கு ஒரு வாரமாத் தெரியும்.”

“அப்போ கடல்நாய் கதை ஏன்க்கா ஓடுது?”

“அது கேக்க நல்லா இருக்கு.” ஆட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார். “இங்க பாரு. ஏவிந்தூர் வண்டியில குளிர்ல நடுங்கிட்டு உக்காந்தா, இன்ஜினப் பத்தியே பேசுவான். டோர்ஃபி வண்டியில சீட்டுக்கு அடியில சூடு. காபி வேற.”

நவம்பர் கூட்டம் சமூகக்கூடத்தில் நடந்தது. ஆட்டுக்கறி சூப்புக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். சாப்பாட்டு வண்டியாக அடுத்த வருடம் முதல் டோர்ஃபியின் வண்டி போகட்டும் என்று ஒருவர் சொன்னார். ஏவிந்தூரின் சேவையை யாரும் மறக்கமாட்டோம் என்று இன்னொருவர் சொன்னார். மறக்கத் தொடங்கும்போது இப்படித்தான் சொல்வது வழக்கம்.

“யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்றார் ஹெர்தீஸ்.

ஏவிந்தூர் எழுந்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நான் நினைத்தேன். கூடத்தில் எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். திடீரென்று எல்லாருக்கும் மேசை விரிப்பில் வேலை வந்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு,” என்றான். “அந்த வண்டிக்கு அச்சு எண்ணெய யார் மாத்துவா?”

யாரோ ஒருவருக்கு இருமல் வந்தது.

“நான்தான் மச்சான்,” என்றான் டோர்ஃபி.

“சரி,” என்று சொல்லி ஏவிந்தூர் உட்கார்ந்தான்.

கைகள் எழுந்தன. முதலில் தயங்கி, அடுத்தவன் கையைப் பார்த்ததும் தைரியமாக. நான் எண்ணவில்லை, எழாத கைகளைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. தாக்னியின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் பின்னலைப் பிடித்திருந்தன. அவள் யார் பக்கமும் இல்லை. ஏவிந்தூர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்று நடுவில் சக்கரம் பூட்டியபோது கூட அவன் முகம் அப்படி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே குறைந்தபட்சம் எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தெரியும்.

கோட்டு மாட்டும் இடத்தில் டோர்ஃபி அவன் தோளில் தட்டினான். “மனசுல வச்சுக்காத மச்சான். உன்ன ஆத்துலேருந்து இழுத்தேனே, அதுக்கே நீ எனக்கு ஒரு இழுவை பாக்கி!”

“நீ எனக்கு ஒரு டப்பா எண்ணெய் பாக்கி,” என்றான் ஏவிந்தூர். குரல் உயரவில்லை. “அத மட்டும் குடுத்துடு.”

“நாளைக்கே கொண்டாறேன்.”

“அண்ணா,” என்று தாக்னி ஏதோ சொல்ல வந்தாள். அவன் அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

இது பிப்ரவரி. ஜீப் இன்னும் முட்டுக்கட்டைகள் மேல் நிற்கிறது. புது பேரிங், புது சீல், புதுக் குழாய். குழாயை இந்த முறை இன்ஜின் அறையோடு நிறுத்தாமல் கண்ணாடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறான். எல்லாம் தயார், ஊற்ற வேண்டிய எண்ணெய் தவிர. கூட்டுறவுக் கடையில் அதே எண்ணெய் அலமாரி நிறைய இருக்கிறது. வாங்க மாட்டேன் என்கிறான்.

நேற்று டோர்ஃபி வீட்டைத் தாண்டிப் போனேன். கராஜ் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, தாக்னி அந்த டப்பாவை அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். மூடி இன்னும் திறக்கப்படவில்லை.