புகைபோக்கியைச் சுற்றிய கலியாணம்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. காரிலிருந்து இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது புகைபோக்கி. கூரையின் நட்டநடுவில் செங்கல் கோபுரம் போல நின்றது. அதன் கீழே வெள்ளைச் சுவர்கள், அவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், உள்ளங்கை அளவு கண்ணாடிகளை ஈயத்தால் இணைத்த யன்னல்கள். ரொறன்ரோவுக்கு வந்து பணம் சேர்த்த ஓர் ஆங்கிலேயர், தன் ஊர்ப் பிரபுவின் மாளிகையைப் போலவே கட்டிய வீடு. அவர் காலத்துக்குப் பிறகு அதைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அன்று கலியாணம் என் சித்திக்கு. எனக்கு எட்டு வயது.

ஸ்காபரோவில் எங்களுக்குப் பழகிய மண்டபங்கள் இருந்தன. ஆனால் சித்தி இந்த வீட்டைப் படத்தில் பார்த்த பிறகு வேறெதற்கும் சம்மதிக்கவில்லை. போய்ப் பதிவு செய்தது மாமா, சித்தியின் மூத்த அண்ணன்.

ஐயர் ஓமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கத் தொடங்கியதும் வீட்டின் மேலாளர் ஓடிவந்தார். மரத்தரையில் நெருப்பு கூடாது, சூடு ஏறினால் கூரைக் குழாய்கள் தாமாகத் திறந்து தண்ணீர் கொட்டும் என்றார் அந்தப் பெண். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"மெழுகுதிரி கொளுத்தலாமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவை," என்றார் மாமா. "ஓமமும் கொஞ்சம் பெரிய மெழுகுதிரிதானே."

"அப்ப ஐயரைப் பிறந்தநாள் கேக்கும் வெட்டச் சொல்லுவம்," என்றார் அம்மா.

மாப்பிள்ளையின் தகப்பனார் பிறம்ரன் நகரிலிருந்து ஒரு பஸ் நிறைய உறவினரோடு வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. அக்கினியை வலம் வராத கலியாணம் கலியாணம் இல்லை, பஸ் வெளியில்தான் நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். மாடியில் சித்தி பாதி அலங்காரத்தோடு அழுதுகொண்டிருந்தாள். முகூர்த்தம் நெருங்கியது.

அப்போது மேலாளர் சுவரைக் காட்டினார். அதில், புகைபோக்கியின் அடியில், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்படுப்பு; ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அதற்குள் எதையும் எரிக்கலாம் என்றார். ஐயர் உள்ளே தலையை விட்டு, மேலே வானம் தெரிவதைப் பார்த்துத் திருப்தியோடு வெளியே வந்தார்.

"அக்கினிக்கு நல்ல இடம்தான். ஆனால் எப்பிடிச் சுத்துறது? சுவருக்குள்ளாலயோ போறது?"

மாமாவின் மகன், என் மச்சானைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்த நான் மூச்சு வாங்க நின்றேன். வந்ததிலிருந்து எங்கள் ஓட்டம் அந்த அடுப்புச் சுவரைச் சுற்றித்தான். அடுப்புக்கு இடப்பக்கக் கதவால் போனால் ஒடுங்கிய நடை, பிறகு மரப்பலகை அடித்த இருட்டு அறை, வலப்பக்கக் கதவால் திரும்பவும் கூடம். எங்கும் முட்டுச்சுவர் இல்லை.

"சுத்தலாம்," என்றேன். "நாங்கள் ரவுண்டா ஓடினனாங்கள். ஃபுல் சேர்க்கிள்."

நான் முன்னால் நடந்தேன். மாமா, ஐயர், மாப்பிள்ளையின் தகப்பனார், மேலாளர் எல்லோரும் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். பழைய ஆங்கில மாளிகைகள் சிலவற்றில் புகைபோக்கியை நடுவில் எழுப்பி, அதைச் சுற்றித்தான் அறைகளைக் கட்டுவார்கள் என்று மேலாளர் விளக்கினார். மாப்பிள்ளையின் தகப்பனார் பின்பக்கச் செங்கல்லில் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, நெருப்பு மூட்டினா இந்தப் பக்கமும் சுடுமோ?"

"சுடும் அண்ணை," என்றார் மாமா.

"அப்ப சரி."

கூடத்துக்குத் திரும்பியபோது மாமா நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். "இதுக்காகத்தான் நான் இந்த வீட்டை எடுத்தனான்," என்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொன்னார். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைத் தூக்கிக் கதிரையில் நிறுத்தி, பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோலக் கை கொடுத்தார்.

தாலி ஏறியது. அடுப்பில் அக்கினி எழுந்து புகை நேரே வானத்துக்குப் போனது. வலம் வரும்போது வழிகாட்ட நான் முன்னால் போய் நின்றேன்.

"நீ இங்கயே நில் குஞ்சு. எங்களுக்கு வழி தெரியும்," என்றாள் சித்தி.

நடையில் இருவர் மட்டும் போகலாம் என்பதால் தோழனும் தோழியும் வீடியோக்காரரும்கூடக் கூடத்திலேயே நின்றார்கள். முதல் சுற்றில் சித்தியும் மாப்பிள்ளையும் வலப்பக்கக் கதவால் வெளிப்பட்டதும் சபை கை தட்டியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஆளைக் காணவில்லை. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மறுபடி வாசித்தார். ஐயர் கதவைப் பார்த்தார். வழி தவறிவிட்டார்கள், நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று புறப்பட்ட என்னை அம்மா தோளில் பிடித்து நிறுத்தினார்.

கடைசியில் வந்தார்கள். சபை முழுவதும் எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு என்று நினைத்து நானும் கும்பிட்டேன். வழி தவறியதாகத்தான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

கதவால் வெளிப்பட்டபோதே என் புதுச் சித்தப்பாவின் இடது கன்னத்தில் குங்குமம் இருந்தது.