மாமாவைப் பிடித்த காத்து

சென்ற மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த பொருட்காட்சிக்குப் போனேன். ராட்டினம் சுற்றி, முகத்தை விடப் பெரிய அப்பளம் ஒன்றைத் தின்று, கிறுகிறுப்போடு நின்றபோது அவள் கண்ணில் ‘பேய் வீடு’ பட்டுவிட்டது. உள்ளே கறுப்புத் துணித் தடுப்பு, சிவப்பு பல்பு, தெர்மாகோல் மண்டையோடு. ஒரு திருப்பத்தில் வாயோரம் ரத்தம் ஒழுக ஒருவர் ஊளையிட்டபடி முன்னால் குதித்தார். நான் அலறிவிட்டேன். அவள் அலறவில்லை. “அண்ணே, செருப்பு அறுந்துருக்கு பாருங்க” என்றாள். பேய் குனிந்து பார்த்தது. “ஆமா பாப்பா, காலைலயே அறுந்துடுச்சி” என்று வருத்தப்பட்டது. அது குனிந்த நேரத்தில் குப்பென்று ஒரு வாசம் வந்தது. நன்னாரி சர்பத். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது, அதற்கு என்ன பெயர் என்று இன்னும் தெரியவில்லை.

ரத்தம் செய்யும் வித்தையை நானும் ஒரு காலத்தில் கற்றவள்தான். நன்னாரி சர்பத்தைத் தண்ணீர் விடாமல் எடுத்து, குங்குமம் குழைத்து, கொஞ்சம் மைதா சேர்த்தால் போதும். ஈ மொய்க்கும், அது ஒன்றுதான் குறை. சிதம்பரத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷம் ஒரு குறும்படம் எடுத்தால்தான் பட்டம் என்றார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர். நான் இயக்குநர், அதாவது மற்ற எந்த வேலையும் தெரியாதவள். ஸ்டெல்லா கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து வருவாள், ஒலி அவள் பொறுப்பு. கேமரா முருகவேல், கீரப்பாளையத்துக்காரன். ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் மச்சான் என்பான். பேய்ப்படம்தான் சுலபம், இருட்டில் எடுத்தால் தப்பெல்லாம் மறைந்துவிடும் என்று அவன்தான் சொன்னான். நம்பி எழுதிக் கொடுத்துவிட்டோம்.

“மொதல்ல ஹாரர் கன்வென்ஷன்ஸ் என்னன்னு ரிசர்ச் பண்ணிட்டு வாங்க” என்றார் சார். வெளியே வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள்: “எங்க சர்ச்சுல வருஷா வருஷம் கன்வென்ஷன் நடக்கும்டி. பந்தல் போட்டு, பாட்டு பாடி, சாப்பாடெல்லாம் போடுவாங்க. பேய்க்குமா நடத்துறாங்க?” முருகவேலுக்கு அது கல்யாண மண்டபத்தின் பெயர்ப் பலகையில் பார்த்த சொல். எனக்கு மட்டும் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போனில் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வகைப் படத்தில் திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களாம். அதைப் புரிந்துகொண்ட பிறகு குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை.

படம் படமாகப் பார்த்தோம். வெளிநாட்டுப் பேயெல்லாம் வீட்டுக்கு அடியில் உள்ள அறையில் குடியிருந்தது. நம் ஊரில் அந்த ஆழத்துக்குத் தோண்டினால் தண்ணீர்தான் வரும், பேய் எங்கே உட்காரும் என்று யோசித்தோம். நம் ஊர்ப் படங்களில் வெள்ளைப் புடவை வந்தது. ஸ்டெல்லாவுக்கு அதில் கோபம். “எங்கம்மா கல்யாணப் புடவை வெள்ளடி. எங்க வூட்டு ஆல்பம் பூரா ஒங்களுக்குப் பேயா?” என்றாள். அதோடு நிற்கவில்லை. “பேய் ஓட்ட மட்டும் எங்க சிலுவ வேணும், இல்ல?” என்றும் கேட்டாள். முருகவேல் பயங்கரமான கட்டங்களில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். சத்தம் இல்லாமல் பார்த்தால் பேய்ப்படம் குடும்பச் சண்டை போலவே இருக்கிறது, நீங்களும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எப்படியோ சில வழக்கங்கள் தேறின. பேய் வருவதற்கு முன்னால் ஓர் அமைதி. பறவை சத்தம் நின்றுபோகும். விளக்கு அணையும். கதவு தானாக ஆடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, போய்விட்டது என்று எல்லாரும் மூச்சு விடும்போது அது திரும்பி வரும். சாரிடம் சொன்னோம். அவர் அசரவில்லை. “சினிமாவப் பாத்து சினிமாவச் சொல்றீங்க. ஒங்க ஜனங்க எதுக்குப் பயப்படுறாங்க? போய் அதக் கேளுங்க” என்று அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் முருகவேல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “எங்க மாமாவையே காத்து புடிச்சிருக்கு மச்சான்.” எங்கள் பக்கத்தில் பேய் என்று பச்சையாகச் சொல்ல மாட்டார்கள். காத்து பட்டுடுச்சி, காத்து கருப்பு புடிச்சிடுச்சி என்பார்கள். அவனுடைய அத்தை, அப்பாவின் தங்கை, மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தார். அவர் கணவர்தான் இந்த மாமா. முன்பு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஊர் ஊராக அறிவிப்பு செய்வது அவர் தொழில். கடை திறப்பு, கோயில் கூழ் ஊற்றுவது, இறந்தவர் வீட்டுச் செய்தி எல்லாம் அவர் குரலில்தான் வருமாம். அப்படிப்பட்டவர் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. முருகவேல் சின்ன வயதில் பெற்றோருடன் பெங்களூரில் இருந்தான். திரும்பி வந்தபோது, “காத்துல அவுருக்கு அப்புடி ஆயிடுச்சி” என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எங்களுக்கு லட்டு மாதிரி ஒரு கதை கிடைத்துவிட்டது.

ஒரு மத்தியானம் போனோம். மாமா வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். எனக்கு அவரை நேராகப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று படங்கள் சொல்லியிருந்தன. அத்தை ஸ்டெல்லாவின் மைக்கில் இருந்த ரோம உறையைத் தடவிப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா முடி?”

“காத்து உள்ள நொழையாம இருக்க ஆன்ட்டி.”

அத்தை பெருமூச்சு விட்டார். “அப்ப எங்ககிட்ட இந்த மாதிரி ஒண்ணு இல்லாம போச்சே” என்றார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

“காத்து வந்ததப் பத்தி சொல்லுங்க அத்த” என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். மொதநாளு ஒரு எல கூட ஆடல. காக்கா குருவி ஒண்ணத்தயும் காணும். கரண்டு போயிடுச்சி. அப்புறம் ஒரு ஊள கேட்டுச்சி பாரு. கதவப் புடிச்சி யாரோ உலுக்குற மாதிரி இருந்துச்சி. நாங்க ரெண்டு பேரும் முட்டுக் குடுத்து நின்னோம். நான் மனதுக்குள் ஒவ்வொரு வழக்கமாகச் சரி பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் பொருந்தியது. ஒரு படம் கூட இவ்வளவு ஒழுங்காக இலக்கணத்தைப் பின்பற்றியதில்லை. முருகவேல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஸ்டெல்லாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. படங்களில் பேயின் பெயரைத் தெரிந்துகொண்டால்தான் அதை விரட்ட முடியும்.

“ஆன்ட்டி, அதுக்கு எதாவது பேரு இருக்கா?”

“பேரு வச்சாங்களே, என்னமோ வாயில நொழையாத பேரு. டிவில கூட சொன்னாங்களே.”

“டிவிலயா?” என்றான் முருகவேல்.

“ஆமாண்டா. கடலூருக்குப் பக்கத்துல கரையக் கடக்குதுன்னு படம்லாம் போட்டுக் காட்டுனாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புயல். அந்தப் புயலில் எங்கள் வீட்டு ஓடும் பறந்தது, தெருவில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, ரொம்ப நாள் மெழுகுவர்த்தியில் படித்தேன். ஆனால் என் அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் செய்தியில் வரும் சொல்லைத்தான் பேசுவோம், புயல் என்போம். ஊர்ப்பக்கம் அதைக் காத்து என்பார்கள் என்பதைக் கடலூரிலேயே பிறந்து வளர்ந்த நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. முருகவேல் கேமராவை நிறுத்தக்கூடத் தோன்றாமல் விழுந்து விழுந்து சிரித்தான். என்னவென்று கேட்ட அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம். “அடப் பாவிங்களா, எம்புருசன பேய் புடிச்சவருன்னா நெனச்சீங்க?” என்று அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் முருகவேல் கேட்டான். “எங்க ரிசர்ச்சுல ஒரு ரூல் இருக்கு அத்த. போயிடுச்சின்னு நெனக்கும்போது திரும்பி வரும். ஒங்க காத்து அப்புடி வந்துச்சா?”

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மல்லாட்டை உடையும் சத்தமும் நின்றிருந்தது.

மாமா எழுந்து வந்தார். ஸ்டெல்லாவின் கையிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. அவர் ரோம உறையைக் கழற்றினார், விரலால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார், வாய்க்குக் கொஞ்சம் கீழே பிடித்தார். தொழில் தெரிந்தவர் பிடிக்கிற பிடி அது. கனமான, கொஞ்சமும் பிசிறில்லாத குரல் வந்தது.

“அன்பான பொதுமக்களே. காத்து போயிடுச்சி. பயப்படாம எல்லாரும் வெளியில வரலாம்.”

மைக்கை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுகைக்கு நடுவே சொன்னதைக் கோத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் பிடித்தது. பொழுது விடிகிற நேரத்தில் ஊளை சட்டென்று நின்றிருக்கிறது. வானம் கூட வெளுத்திருக்கிறது. புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அப்படி ஓர் அமைதி வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல மாமா பேட்டரி மைக்கை எடுத்து அதைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஆட்டோ ஓட்டிய ஏழுமலை, கூட்டாளி, அதைக் கேட்டுவிட்டுப் புளியமரத்தடியில் நின்ற ஆட்டோவைப் பார்க்கப் போயிருக்கிறார். காத்து எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தது. மரம் ஆட்டோ மேலேயும் அவர் மேலேயும் விழுந்தது.

“யாரும் அவுர ஒரு வார்த்த கேக்கலியே. திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருக்கும்” என்றார் அத்தை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அத அழிச்சிடும்மா. ஏழுமல பொண்டாட்டி ரெண்டு வூடு தள்ளிதான் இருக்கா. அவ காதுல வுழக்கூடாது” என்று கும்பிட்டார். ஸ்டெல்லா அவர் கண்முன்னாலேயே அழித்தாள். முருகவேலும் கேமராவில் இருந்ததை அழித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா எதற்காக அதை மறுபடி சொன்னார் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அன்று செய்ததை ஒப்புக்கொண்டாரா? அத்தை எங்களோடு சிரித்ததைப் பார்த்துவிட்டு, இப்போது நிஜமாகவே காத்து போய்விட்டது என்று சொன்னாரா? மறுவாரம் அத்தை முருகவேலுக்கு போன் செய்து, “கொழம்புல உப்பு இல்லன்னு சொன்னாருடா ஒங்க மாமா” என்று அப்படிச் சந்தோஷப்பட்டார். பிறகு வீட்டுக்குள் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாராம். மைக்கை மட்டும் தொடவேயில்லை. நாங்கள் கடைசியில் ஸ்டெல்லாவுக்கு வெள்ளைப் பெட்ஷீட் போர்த்தி ஓடவிட்டு, கொலுசுச் சத்தம் சேர்த்து, சர்பத் ரத்தம் ஊற்றி ஒரு படம் கொடுத்தோம். சார் பார்த்துவிட்டு, “இவ்வளவு ரிசர்ச் பண்ணி இதுதானா?” என்றார். பாஸ் போட்டுவிட்டார்.

பொருட்காட்சியிலிருந்து திரும்பிய கையோடு முருகவேலுக்கு போன் செய்தேன். செருப்பறுந்த பேயைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான். அவன் சிரிக்கவில்லை. மாமா தவறி ஒரு மாசம் ஆகிறது என்றான். காரியத்தன்று ஏழுமலையின் மனைவி வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாராம். “அவுரு மைக்குல சொன்னத இந்தப் பசங்க அன்னிக்கிப் புடிச்சாங்களாமே, ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லு. எங்க வூட்டுக்காரரு கடைசியா கேட்ட கொரலு அது. அதக் கேட்டுட்டுதான் சிரிச்சிக்கிட்டே எறங்கிப் போனாரு” என்றாராம். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை. மாமா கனமான குரல்காரர், இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கலாம்.

“ஒங்கிட்ட எங்கயாவது ஒரு காப்பி இருக்குமா மச்சான்?” என்றான் முருகவேல்.

இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஸ்டெல்லா ஓடும் காட்சிகள் அத்தனையும் இருக்கின்றன. கொலுசு இருக்கிறது, கதவுக் கிறீச் இருக்கிறது, முருகவேல் போட்ட நரி ஊளை கூட இருக்கிறது. அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.